அதே கன்னம், அதே இடம்: வந்து வந்து போகும் முகத் திட்டு

கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன். கேட்டவர் பெண், வயது 34, வேறு வியாதி எதுவும் கிடையாது. இரண்டு வருஷமாக இடது கன்னத்தில், வாய் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு வருகிறது. சில சமயம் மாதம் ஒருமுறை, சில சமயம் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு. காலையில் எழுந்து பார்த்தால் சிவந்திருக்கும், எரியும். ஒரு வாரத்தில் சிவப்பு போய்ச் சாம்பல் கலந்த பழுப்பாக நிற்கும். அது மங்கிக்கொண்டு வரும்போது மறுபடி அதே இடத்தில் சிவக்கும். சர்க்கரை, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று, நார்மல். அம்மா பல்லி எச்சம் என்கிறார், மாமியார் திருஷ்டி என்கிறார், பார்லரில் ஹார்மோன் என்கிறார்கள். சோப்பு, ஃபேஸ்வாஷ், தலையணை உறை எல்லாம் மாற்றியும் நிற்கவில்லை. எதனால்? கறைக்கு எலுமிச்சைச் சாறு தேய்க்கலாமா?

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மாடியில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக், கீழே என் மருந்துக்கடை, இப்படியே 22 வருஷம் ஓடியிருக்கிறது. சீட்டோடு படி இறங்கி வருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் ராத்திரி கடை கட்டும் நேரத்தில் அவரிடம் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த விஷயம்தான் இது. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, அதனால் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள், "அதே இடத்தில்" என்று. எனக்கு அங்கேதான் கண் நின்றது.

ஒரு திட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சமும் நகராமல் அதே இடத்தில் வட்டமாக வந்து, போகும்போது கறையை வைத்துவிட்டுப் போகிறது என்றால், சோப்பையும் தலையணை உறையையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அது வந்ததற்கு முந்தின நாள் என்ன மாத்திரை போட்டேன் என்று யோசியுங்கள்.

"நான் மாத்திரையே போடுவதில்லையே" என்பீர்கள். கடையில் கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மாத்திரை என்றால் நம் ஆட்களுக்கு தினம் போடுகிற சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் கணக்கு. தலைவலிக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு இரண்டு, மாதவிடாய் வலிக்கு ஒன்று, பல் வலிக்கு அண்ணன் கொடுத்தது ஒன்று, இதெல்லாம் யார் கணக்கிலும் வராது. அப்படிக் கணக்கில் வராத மாத்திரைதான் இந்த மாதிரித் திட்டுக்குப் பெரும்பாலும் காரணம்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பேர் ஃபிக்ஸ்டு ட்ரக் எரப்ஷன். இடம் மாறாத மருந்துத் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வியாதி ஒன்றும் இல்லை. ஆன்டிபைரின் என்று 19-ம் நூற்றாண்டுக் கடைசியில் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து ஒன்று, அதைச் சாப்பிட்டவருக்கு உதட்டிலும் நாக்கிலும் கறுத்த திட்டு வந்ததை 1889-ல் போர்ன்ஸ் என்பவர் எழுதி வைத்தார். 1894-ல் பிரான்ஸ் நாட்டுத் தோல் மருத்துவர் ப்ரோக் இதற்கு "நிலைத்த" என்ற அடைமொழியைச் சேர்த்தார். ஆன்டிபைரின் இன்று அநேகமாக வழக்கொழிந்துவிட்டது, ஆனால் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த மருந்துகள் ஏராளம். சல்ஃபா மருந்துகள், குறிப்பாக கோட்ரைமாக்சசோல். மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல் என்று "டசோல்" என முடிகிற வயிற்று மாத்திரைகள். நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின். டாக்சிசைக்ளின். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல். வலி மாத்திரைகளில் ஐபுப்ரோஃபென், நிமெசுலைடு, மெஃபனமிக் ஆசிட், நேப்ராக்சென். இத்தனையும் சொல்லிவிட்டுப் பாரசிட்டமாலைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அதற்கும் வரும். பாரசிட்டமால் யாருக்கும் எதுவும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் இருப்பதாலேயே அது கடைசி வரை மாட்டாது.

எப்படி அதே இடத்தில் வருகிறது என்றால், முதல் தடவை அந்த மருந்துக்கு உடம்பு முறைத்துக்கொண்ட சமயத்தில், ஒரு கூட்டம் வெள்ளை அணுக்கள் (டி செல் என்பார்கள்) தோலின் அந்த ஒரு வட்டத்தில் வந்து, சண்டை முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் மேல்தோலின் அடி வரிசையிலேயே குடியேறிவிடுகின்றன. ஒருமுறை திருட்டு நடந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட காவல்காரன் மாதிரி. அடுத்த முறை அதே மருந்து ரத்தத்தில் வந்ததும் வேறு யாரையும் கூப்பிடாமல் அவர்களே எழுந்து அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதனால்தான் அரை மணியிலிருந்து ஏழெட்டு மணி நேரத்துக்குள், சிலருக்கு ஒன்றிரண்டு நாளில், எரிச்சலோடு சிவப்பு வருகிறது. ராத்திரி படுக்கப் போகும்போது மாத்திரை, காலையில் எழுந்தால் திட்டு. உங்கள் அம்மா சொன்ன பல்லிக்கு இந்த நேரக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும், பாவம் அது டியூப்லைட்டுக்குப் பின்னால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்த மாத்திரை எப்போதும் தனியாக வருவதில்லை, ஒரு அப்பாவியையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். எதற்காக மாத்திரை போட்டீர்களோ, பழி அதன் மேல் விழுந்துவிடும்.

எங்கள் கடைக்கு ஒரு தையல்காரர் வருவார். கீழ் உதட்டில் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு கறை. வெளியூர்க் கல்யாணம், காதுகுத்து என்று போய் வந்தாலே மறுநாள் உதடு வீங்கிச் சிவந்து எரியும், அப்புறம் இன்னும் கொஞ்சம் கறுக்கும். கரப்பான் பண்டம் சேரவில்லை என்று முடிவு கட்டி கத்தரிக்காயை விட்டார், கருவாட்டை விட்டார், நண்டை விட்டார், கடைசியில் கல்யாண வீட்டுச் சாப்பாட்டையே விட்டுவிட்டு மொய் எழுதிய கையோடு பஸ் ஏறுகிற அளவுக்குப் போய்விட்டார். ஒரு நாள் என் கடையில் நின்று, "நாளைக்கு மதுரை போறேன், வயித்துக்கு முன்னெச்சரிக்கையா அந்த மஞ்சள் மாத்திரை நாலு குடுங்க" என்றார். ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. எவ்வளவு நாளாக வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "எங்க போனாலும் பையில இருக்கும் சார், வெளிச் சாப்பாடு ஒத்துக்கலைன்னா உடனே போட்டுக்குவேன்." மாத்திரையைக் கொடுக்காமல் மாடிக்கு அனுப்பினேன். அந்த மருந்தை நிறுத்திய பிறகு உதடு மறுபடி சிவக்கவில்லை. இப்போது கத்தரிக்காய் சாப்பிடுகிறார். கறை முழுதாகப் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

உங்கள் விஷயத்தில் பார்லர்க்காரர்கள் சொன்ன "ஹார்மோன்" பற்றியும் எனக்கு இதே சந்தேகம்தான். சில சமயம் மாதம் ஒருமுறை என்கிறீர்கள். மாதவிடாய் சமயத்தில் வருகிறது என்று பார்த்தவுடன் ஹார்மோன் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த முதல் நாள் வலிக்கு என்ன போடுகிறீர்கள்? பெரும்பாலும் மெஃபனமிக் ஆசிட், டைசைக்ளோமின் சேர்ந்த மாத்திரை. வலி பொறுக்க முடிந்த மாதம் போட்டிருக்க மாட்டீர்கள், திட்டும் வந்திருக்காது. "மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று மாதம் வலி எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஹார்மோன் காரணமாக இருந்தால் மாதம் தவறி வரவேண்டிய அவசியம் அவ்வளவு இல்லை.

இதே மாதிரி வெயிலைத் திட்டுபவர்கள் உண்டு. வெயிலில் போனேன், தலை வலித்தது, மாத்திரை போட்டேன், முகத்தில் வந்துவிட்டது. சளிக்கும் அப்படித்தான். சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபிட்ரின் கறையே விடாமல் வெறும் சிவப்பாக மட்டும் வந்து போகிற வகைத் தடிப்பைத் தரும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், ஏனென்றால் டாக்டரிடம் காட்டுவதற்குள் இடம் சுத்தமாகிவிடும்.

அப்புறம் "செட்" விவகாரம். "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கிப் பழகிய ஊர் நம்முடையது. என் தொழில்தான், இருந்தாலும் சொல்கிறேன், அந்தச் செட்டை விரித்துப் பார்த்தால் அலுமினியத் தாளிலிருந்து கத்தரியால் வெட்டிய நாலு துண்டு இருக்கும். ஒன்றில் "...சிடமா" என்று மூன்றே முக்கால் எழுத்து, ஒன்றில் வெறும் எக்ஸ்பைரி தேதியின் பாதி, ஒன்றில் ஒன்றுமே இல்லை, நாலாவது தாளே இல்லாமல் உருட்டிவிட்ட ஒரு வெள்ளை மாத்திரை. பேர் எழுதிய துண்டு கடைக்காரர் டப்பாவில் நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து முகத்தில் திட்டோடு போனால் "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க" என்று டாக்டர் கேட்பார், நீங்கள் "ஒரு மஞ்சள், ரெண்டு வெள்ளை" என்பீர்கள். அங்கேயே துப்பு அறுந்துவிடுகிறது. அதனால் செட்டாக வாங்காதீர்கள், வாங்கினாலும் பேர் இருக்கிற பக்கத்தைக் காட்டச் சொல்லி ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "போன வாரமும் இதே மாத்திரைதானே போட்டேன், அப்போது ஒன்றும் ஆகவில்லையே, அதனால் அது இல்லை" என்று பலர் மாத்திரைக்கு நற்சான்று கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை தடித்து அடங்கிய இடம் சில வாரங்களுக்குக் களைத்துப் போய்க் கிடக்கும், அந்த இடைவெளியில் அதே மருந்தைப் போட்டாலும் சில சமயம் ஒன்றும் நடக்காது. அதற்காகத்தான் ஒரு தடவையை வைத்து முடிவு செய்யக்கூடாது, ஆறு மாதக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

சரி, மாத்திரையே இல்லை, நிஜமாகவே இல்லை என்றால்?

அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற இன்னொன்று ஹெர்பிஸ். உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் என்பார்களே, அது. சின்ன வயதில் தொற்றிய வைரஸ் காதுக்கு முன்னால் உள்ளே இருக்கிற முக நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டு, காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், தூக்கமில்லாத வாரம் என்று ஏதாவது சாக்குக் கிடைத்தால் நரம்பு வழியே இறங்கி வந்து பழைய இடத்திலேயே முளைக்கும். கவனித்தீர்களா, காய்ச்சல் இங்கேயும் வருகிறது. காய்ச்சல் வந்தால் ஹெர்பிஸும் வரலாம், காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையால் தடிப்பும் வரலாம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆள் அபூர்வம். வித்தியாசம் என்னவென்றால், ஹெர்பிஸுக்கு முந்தின நாளே அந்த இடத்தில் குறுகுறு என்று ஒரு உணர்வு வரும், அப்புறம் கடுகு கடுகாய்க் கொத்தாக நீர்க்கொப்புளம், அது உடைந்து தேன் காய்ந்த மாதிரிப் பொருக்கு, ஏழெட்டு நாளில் உதிர்ந்து போகும். மருந்துத் தடிப்பு ஒற்றை வட்டமாக, காம்பஸ் வைத்துப் போட்டது போல ஓரம் தெளிவாக இருக்கும், கடைசியில் சாம்பல் பழுப்பில் நிற்கும். உங்கள் வர்ணனையில் கொப்புளக் கொத்து இல்லை, சாம்பல் பழுப்பு இருக்கிறது.

அக்கி என்று யாராவது சொன்னால் அது வேறு. அதை இங்கே இழுப்பதற்குக் காரணம், கிராமப்புறத்தில் முகத்தில் எது வந்தாலும் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவது இன்னும் நடக்கிறது. அக்கி பெரும்பாலும் தானாகவே இரண்டு முதல் நாலு வாரத்தில் ஆறிவிடும், நல்ல பேர் காவிக்குப் போய்விடும். அதில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ ஒரு பக்கமாக வலியோடு கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து இருக்கிறது. அன்றைக்கே கண் டாக்டரையும் பார்க்க வேண்டும், வைரஸ் மருந்தை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். காவி அப்புறம் பூசிக்கொள்ளலாம்.

இடம் மாறி மாறி வருகிறது என்றால் கதையே மாறிவிடும். இதைப் படிக்கிற வேறு சிலருக்கு அப்படி இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். இன்று கன்னம், நாளை நெற்றி, மறுநாள் தொடை என்று தடித்துத் தடித்து மறைந்தால் அதற்குத் தமிழில் அழகான பேர் இருக்கிறது, காணாக்கடி. எது கடித்தது என்று தெரியாத கடி. அதைச் சோதிக்க ஒரு பால்பாயின்ட் பேனா போதும். தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் ஒன்றுமே இல்லாமல் சுத்தமாகிவிட்டால் காணாக்கடி. அதற்கு மேலும் நின்று, கன்றிப்போன மாதிரி நிறத்தை விட்டுப் போனால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், ரத்தக்குழாய் அழற்சி என்று வேறு ஒரு சங்கதி இருக்கிறது. காணாக்கடிக்காரர்களுக்கு வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் அதை இன்னும் கிளப்பிவிடும், மறுபடி மாத்திரைக்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

மழைக்காலத்தில், அதுவும் வயல் பக்கத்து வீடுகளில், காலையில் எழுந்தால் கன்னத்தில் சாட்டையால் இழுத்த மாதிரி ஒரு கோடு எரிந்துகொண்டிருந்தால் அது ஆசிட் பூச்சி. எறும்பை இழுத்து நீட்டிய மாதிரி, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் நாம் அதைத் தேய்த்து நசுக்கினால் உடம்புக்குள் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் தீற்றிவிடும், ஒரு நாள் கழித்துப் புண்ணாகும். பல்லி எச்சம், பூரான் ஊர்ந்தது, சிலந்தி மூத்திரம் என்று ஊரில் சொல்கிற பலவற்றுக்கும் இதுதான் அசல் ஆள். மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடிக்காதீர்கள், அடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்கள் திட்டு வட்டம், வருஷம் முழுக்க வருகிறது, அதனால் பூச்சிக்கும் விடுதலை.

மே மாதம் தவறாமல் வாயைச் சுற்றி வருகிறவர்கள் மாம்பழத்தைப் பார்க்கலாம். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம், மாங்காய்க் காம்பில் வடிகிற பாலிலும் பழத்தோலிலும் தோலை அரிக்கிற பொருள் இருக்கிறது. பழத்தைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிடுகிறவர்களுக்கு உதட்டோரத்தில் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்போடு சிவக்கும். வேறு யாராவது கழுவி, தோல் சீவி, துண்டு போட்டுக் கொடுத்தால் அதே ஆள் அதே பழத்தைப் பல சமயம் நிம்மதியாகச் சாப்பிடலாம். எனக்கே இது உண்டு. வீட்டில் எனக்கு மட்டும் தட்டில் ஸ்பூனோடு மாம்பழம் வரும், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பூசுகிற பொருள்கள் பற்றி நீங்களே நிறைய மாற்றிப் பார்த்துவிட்டீர்கள், அதனால் விட்டுப்போகக் கூடியதை மட்டும் சொல்கிறேன். முகத்தில் வருகிற ஒவ்வாமைக்குக் காரணம் முகத்தில் பூசியதாக இருக்க வேண்டும் என்று இல்லை. நகப்பூச்சு விரல் தோலைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த விரலால் கண் இமையையும் கன்னத்தையும் எத்தனை தடவை தொடுகிறோம்! ஹேர் டை தலையில் தடவுகிறோம், வருவது நெற்றி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் இமையிலும். பொட்டு வைத்த இடத்தில் அரிப்பும் கறுப்பும் வந்தால் குங்குமத்தின் சாயம், வெளுத்துப் போனால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. இவற்றை உறுதிப்படுத்த முதுகில் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படுகிற பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கிற சோதனை) ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்து, 4-ம் நாள் மறுபடி பார்ப்பார்கள். ரத்தத்தை எடுத்து நூறு பொருளுக்கு அலர்ஜி பார்க்கும் விலையுயர்ந்த டெஸ்ட் இதற்கு உதவாது, காசு மிச்சம்.

மங்கு என்றால் இரண்டு கன்னத்திலும் சமமாக, மாதக்கணக்கில் மெதுவாகப் படரும். கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் வெயிலும் அதற்குக் காரணம், ராத்திரியோடு ராத்திரியாக வராது. மூக்கின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சி மாதிரி சிவந்து, கூடவே மூட்டு வலி, முடி கொட்டுதல், வாய்ப்புண் இருந்தால் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற வியாதி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த வெளிறிய திட்டு வந்து போகாமல் அப்படியே நின்றால் தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். இவை எதுவும் உங்கள் வர்ணனைக்கு ஒட்டவில்லை.

ஒன்றைக் கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். இந்தக் கறைக்கு ஏதாவது க்ரீம் போட்டீர்களா? கேள்வியில் எழுதவில்லை, ஆனால் இரண்டு வருஷத்தில் ஒரு ட்யூப் கூட யாரும் தராமல் இருந்திருந்தால் ஆச்சரியம். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-லேயே இத்தகைய பல க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணை வந்தாயிற்று, விற்பனை எப்படி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் எரிச்சலும் சிவப்பும் பருவுமாகத் திருப்பி அடிக்கும், பயந்து மறுபடி பூசுவீர்கள், அப்போதும் "வந்து வந்து போகிறது" என்றுதான் எழுதுவீர்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாக இறங்குங்கள்.

இனி செய்ய வேண்டியது. சமையலறையில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் இருக்கும் இல்லையா, அதிலேயே இரண்டு குறி போடுங்கள். திட்டு சிவந்த நாளுக்கு ஒரு வட்டம், எந்த மாத்திரை போட்டாலும், அரை மாத்திரை ஆனாலும், ஒரு கோடும் பக்கத்தில் அதன் பேரும். பிராண்ட் பேர் போதாது, கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பேர் வேண்டும், ஏனென்றால் ஒரே மருந்து இருபது பிராண்டில் வருகிறது, பிராண்டை மாற்றிவிட்டு மருந்தை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். மலச்சிக்கல் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, ஜிம்மில் தருகிற பவுடர் எல்லாம் எழுத வேண்டும். பழைய கணக்குக்கு வாட்ஸ்அப்பில் போய் "மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்று வீட்டுக்காரருக்கு அனுப்பிய செய்திகளைத் தேடுங்கள், கேலரியில் உங்கள் செல்ஃபிகளைப் பாருங்கள், தேதி தானாகக் கிடைக்கும். ஒரு டீச்சரம்மா இப்படித்தான் இரண்டு வருஷத்து செல்ஃபிகளையும் கெமிஸ்ட் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே தன் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். அவருக்குப் பல் வைத்தியத்துக்குத் தந்த மெட்ரோனிடசோல்.

சந்தேகப்பட்ட மாத்திரையை "போட்டுத்தான் பார்ப்போமே" என்று வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். இது ரொம்ப முக்கியம். ஒவ்வொரு தடவையும் திட்டு பெரிதாகலாம், புது இடங்களில் முளைக்கலாம், சிலருக்கு உடம்பு பூராவும் கொப்புளமாகப் போய் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். சோதிக்க வேண்டுமானால் தோல் டாக்டர் அந்தப் பழைய கறையின் மேலேயே மருந்தைத் தடவிப் பேட்ச் டெஸ்ட் செய்வார், அல்லது தன் கண்ணெதிரில் குறைந்த அளவு கொடுத்துப் பார்ப்பார். மருந்து உறுதியானதும் அதன் குடும்பத்தில் வேறு எதைத் தவிர்க்க வேண்டும், வலிக்கு எதைப் போடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை ஆதார் அட்டையோடு பர்ஸில் வையுங்கள், பல் டாக்டர் முதல் பிரசவ ஆஸ்பத்திரி வரை எங்கே போனாலும் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே காட்டுங்கள்.

எந்த மாத்திரைக்குப் பிறகானாலும் வாய்க்குள் புண், கண் சிவப்பு, காய்ச்சல், தொட்டால் வலிக்கிற தோல், பரவலாகக் கொப்புளம், இவை சேர்ந்து வந்தால் காலண்டரும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரி. உதடும் நாக்கும் வீங்கி மூச்சு திணறினாலும் அப்படித்தான்.

கடைசியாக, கறைக்கு எலுமிச்சைச் சாறு தேய்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதுவே தனியாகக் கறுக்கும், சாறு வழிந்த கோடு அப்படியே தெரியும். உங்கள் கறையின் நிறமி மேல்தோலிலிருந்து கீழே உள்தோலுக்கு இறங்கிவிட்டது, சாம்பல் சாயல் தெரிவது அதனால்தான், மேலே தேய்க்கிற எதுவும் அங்கே போய்ச் சேராது. மருந்து நின்றால் மாதக்கணக்கில் தானே வெளுக்கும், அதுவரை வெளியே போகும்போது சன்ஸ்க்ரீன் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதவிடாய் வலிக்கு என்ன மாத்திரை என்று அட்டையைப் பார்த்து மருந்துப் பேரை எழுதுங்கள், மேற்கொண்டு அப்போது பேசலாம். அதுவரை அந்த மாத்திரை வேண்டாம், வெந்நீர்ப் பை வைத்துச் சமாளிக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால், எந்த மாற்று மாத்திரை போடலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.